17 வயதிலேயே வாக்காளர் பதிவு: நம் வீடுகளில் கவனிக்க வேண்டியவை

முன்பெல்லாம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, தலைமையாசிரியரே ஒரு பிறந்த தேதியைப் போட்டுக்கொள்வார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால், மே மாதத்திலோ ஜூன் தொடக்கத்திலோ ஒரு தேதி விழும். நாற்பது வயதைக் கடந்த நம்மில் பலருடைய சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்தால், ஊரே கோடைக்காலத்தில் பிறந்ததுபோல இருக்கும். இந்தக் கோடைப் பிறப்புக்காரர்கள் முதல் ஓட்டுப் போடுவதற்கு மற்றவர்களைவிடச் சில மாதங்கள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

காரணம் ஒரு தேதி. வாக்களிக்கும் வயது 18 என்று அரசியல் சாசனம் சொல்கிறது. 21ஆக இருந்த வயது 61ஆவது திருத்தத்தின் மூலம் 1989 மார்ச் மாதம் 18ஆகக் குறைந்தது. ஆனால் எந்த நாளில் 18 நிறைந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஜனவரி 1 என்ற ஒரே தேதியைத்தான் வைத்திருந்தது. அந்த ஆண்டின் ஜனவரி முதல் நாள் 18 நிறையாதவர், அடுத்த ஜனவரி வரை பட்டியலுக்குள் வர முடியாது.

இதனால் என்ன இழப்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 1998 ஜனவரி 10 அன்று பிறந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஜனவரி 10 அன்று அவருக்கு 18 நிறைகிறது. தமிழகச் சட்டமன்றத் தேர்தல் அந்த ஆண்டு மே 16 அன்று நடந்தது. அன்று அவருக்கு 18 வயது நான்கு மாதம். ஆனால் ஜனவரி 1 அன்று ஒன்பது நாட்கள் குறைவாக இருந்ததால் ஓட்டு இல்லை. அந்த ஆண்டு நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலும் தள்ளிப்போனது. இடையில் இடைத்தேர்தல் நடந்த தொகுதியாக இல்லாவிட்டால், அவருக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு 2019 ஏப்ரல் 18 மக்களவைத் தேர்தல்தான். அப்போது அவருக்கு வயது 21. சட்டம் 18 என்று சொன்னாலும், அவர் அளவில் 1989க்கு முந்தைய நிலைதான்.

இந்தக் குறை 2021ஆம் ஆண்டின் தேர்தல் சட்டங்கள் திருத்தச் சட்டத்தால் பெருமளவு நீங்கியது. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு தகுதித் தேதிகள் வந்தன. 2022 ஆகஸ்ட் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. மேலே சொன்ன பிள்ளை இன்றைய சட்டத்தின்கீழ் இருந்திருந்தால், ஏப்ரல் 1ஆம் தேதியைக் கொண்டு பட்டியலில் சேர்ந்திருப்பார். அந்தத் தேர்தலின் வேட்புமனுக் கெடு ஏப்ரல் 29 வரை இருந்தது.

இதைவிட முக்கியமான மாற்றம் இன்னொன்று உண்டு. 17 வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்று தேர்தல் ஆணையம் 2022 ஜூலை மாதம் அறிவித்தது. பிள்ளை 17 வயதில் படிவம் 6ஐக் கொடுத்துவிட்டால், அவருக்கு 18 நிறைந்து வரும் தகுதித் தேதியில் அந்த விண்ணப்பம் பரிசீலனைக்கு எடுக்கப்படும். பெயர் சேர்ந்ததும் அடையாள அட்டை வரும். கட்டணம் எதுவும் கிடையாது. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் நேரில் கொடுக்கலாம். ஆணையத்தின் இணையதளத்திலும் செயலியிலும் பதியலாம். சந்தேகம் என்றால் 1950 என்ற எண்ணுக்குப் பேசலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா, புளோரிடா போன்ற மாநிலங்களில் 16 வயதிலேயே இப்படி முன்பதிவு செய்துகொள்கிறார்கள். நம் நாட்டில் 17 வயதில் அந்த வாசல் திறந்திருக்கிறது. நம் வீடுகளில் எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் கேள்வி.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் கல்லூரி விண்ணப்பம், நீட் விண்ணப்பம், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் என்று ஓடுகிறோம். ஓட்டுக்கான படிவம் மட்டும் தேர்தல் அறிவிப்பு வந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது. அதற்குள் காலம் கடந்திருக்கும். வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாள் முடிந்துவிட்டால், அந்தத் தேர்தலுக்கு யாருடைய பெயரையும் பட்டியலில் சேர்க்க முடியாது என்பது சட்டம். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவும் ஆட்சேபம் கேட்கவும் நாட்கள் வேண்டுமென்பதால், உண்மையான கெடு அதற்கும் சுமார் பத்து நாட்கள் முன்னதாகவே முடிந்துவிடுகிறது.

படிவத்துடன் என்னென்ன வேண்டும்? வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், பத்தாம் அல்லது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் ஆகியவற்றில் ஒன்று. முகவரிக்கு மின்கட்டண ரசீது, வங்கிக் கணக்குப் புத்தகம், வீட்டுப் பத்திரம் போன்றவை. இவை பெற்றோர் பெயரில் இருந்தாலும் போதும். கூடவே ஒரு புகைப்படம். ஆதார் எண் கட்டாயமில்லை என்று தேர்தல் ஆணையமே 2023இல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது.

இங்கே மதரஸாவில் முழுநேரம் ஓதும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு ஹிஃப்ழுக்கோ ஆலிம் வகுப்புக்கோ வந்த பிள்ளையிடம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருக்காது. மதரஸா தரும் ஸனது இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே பிறப்புச் சான்றிதழை வாங்கி வைப்பது பெற்றோரின் வேலை. வீட்டில் பிறந்து பதியாமல் விட்ட பிள்ளைகளுக்குத் தாமதப் பதிவு செய்ய வழி உண்டு. அதற்கு நாட்கள் பிடிக்கும் என்பதால், 17 வயதில் தொடங்கினால்தான் 18இல் கைக்கு வரும். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் சொந்த ஊரிலும் பதியலாம், விடுதி இருக்கும் ஊரிலும் பதியலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். விடுதி முகவரியில் பதிவதென்றால் கல்வி நிறுவனத் தலைவரின் சான்று தேவை. விடுமுறைக்கு ஊருக்கு வந்து போகும் பிள்ளைகளுக்கு வீட்டு முகவரியே நல்லது என்பது என் கருத்து. ஏழு வருட ஆலிம் படிப்புக்காகப் போன ஊரில் பதிந்துவிட்டு, பட்டம் பெற்று வந்த பிறகு பெயரை மாற்றாமல் விட்டவர்கள் ஏராளம்.

அடுத்தது பெயர். இது நம் சமுதாயத்துக்கென்றே உள்ள தலைவலி. முஹம்மது, முகமது, மொகமது, முகம்மது என்று ஒரே பெயர் ஒரே வீட்டில் நான்கு விதமாக இருக்கும். முஹ்யித்தீனை எடுத்தால் மைதீன், மொய்தீன், மீரான் மைதீன் என்று கிளை பிரியும். பெண்களின் பெயரில் பீவி, பேகம், அம்மாள் என்பவை ஓர் ஆவணத்தில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. தந்தை பெயர் முன்னால் வருவதா, தலையெழுத்தாக மட்டும் வருவதா என்பதும் ஆவணத்துக்கு ஆவணம் மாறும். இணையத்தில் பதியும்போது, ஆங்கிலத்தில் அடிக்கும் பெயரைக் கணினி தானாகத் தமிழாக்கிக் காட்டும். அரபுப் பெயர்களை அது படுத்தும் பாடு சொல்லி மாளாது. பிள்ளையின் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலோ பாஸ்போர்ட்டிலோ உள்ள எழுத்தையே அளவுகோலாக வைத்து, தமிழ் எழுத்தையும் ஒருமுறை வாசித்துச் சரிசெய்த பிறகே விண்ணப்பத்தை அனுப்புங்கள். வாக்குச்சாவடியில் சின்ன எழுத்துப் பிழையைப் பெரும்பாலும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் பட்டியலைப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் காலத்தில், அந்தச் சின்னப் பிழைதான் உங்களை வேறொரு ஆளாக்கிவிடும்.

அப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் காலம் வந்ததை நாம் பார்த்தோம். 2025 நவம்பர் 4 அன்று தமிழகத்தில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. ஒவ்வொரு வாக்காளரும் கணக்கெடுப்புப் படிவம் நிரப்பித் தர வேண்டும்; 2002, 2005 ஆண்டுகளின் பழைய பட்டியலில் தன் பெயரையோ பெற்றோர் பெயரையோ காட்ட வேண்டும் என்றானது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் அதில் உண்டு. ஆனால் பெரும்பகுதி 'இடம்பெயர்ந்தவர்கள்' என்ற கணக்கில்தான் போனது. வாடகை வீடு மாறியவர், திருமணமாகிப் போன பெண், கதவு தட்டியபோது ஊரில் இல்லாதவர் எல்லோரும் விழக்கூடிய கணக்கு அது.

திருமணமான பெண் கணவர் வீட்டு முகவரிக்குப் பெயரை மாற்ற வேண்டுமென்றால் படிவம் 8 கொடுக்க வேண்டும். பலர் தெரியாமல் மறுபடியும் படிவம் 6 கொடுத்துவிடுகிறார்கள். இதனால் தாய் வீட்டில் ஒன்று, கணவர் வீட்டில் ஒன்று என்று இரண்டு பதிவுகள் ஆகின்றன. வேறெங்கும் என் பெயர் இல்லை என்று உறுதிமொழி கொடுத்துவிட்டு இப்படிச் செய்வது தண்டனைக்குரியது. காயல்பட்டினம் போன்ற ஊர்களில் நிலைமை தலைகீழ். பெண்ணுக்கே வீடு, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அங்கே ஆண்களின் ஓட்டு தாய் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் அந்தப் பழைய வீட்டுக்கு வந்து கேட்டால், 'அவர் இங்கே இல்லை' என்று உண்மையைத்தான் சொல்வார்கள்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்குப் படிவம் 6ஏ இருக்கிறது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வசிப்பவர் தன் பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் வாக்காளராகலாம். 2010இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் இதற்கு வழிசெய்தது. தனி அடையாள அட்டை தரமாட்டார்கள், பாஸ்போர்ட்டைக் காட்டி வாக்களிக்க வேண்டும். நேரில் வந்தால்தான் ஓட்டு, தபால் ஓட்டு இன்றுவரை இல்லை. விமான டிக்கெட் போட்டு ஓட்டுப் போட வருகிறவர்கள் குறைவுதான். இருந்தாலும் சாதாரண வாக்காளராகவே பெயரை வைத்துக்கொண்டு 'ஆள் இல்லை' என்று நீக்கப்படுவதைவிட, 6ஏயில் முறையாக இருப்பது மேல்.

பெயர் நீக்கம் என்றால் கையறு நிலை என்று நினைக்க வேண்டாம். டெல்லியிலும் மும்பையிலும் சில பகுதி மக்களை வெளிநாட்டவர் என்று சந்தேகித்து, பட்டியலிலிருந்து நீக்க முயன்றபோது எழுந்தது லால் பாபு ஹுசைன் வழக்கு. ஏற்கெனவே பட்டியலில் உள்ள ஒருவரை நீக்குவதென்றால் அவருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் தரப்பைக் கேட்டு, அவர் காட்டும் ஆவணங்களைப் பரிசீலித்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றும் படிவம் 7 மூலம் ஒருவர் இன்னொருவரின் பெயரை நீக்கக் கோரலாம். ஆனால் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்காமல் நீக்க முடியாது. அதிகாரியின் முடிவு தவறு என்றால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு. அதற்கும் மேலே மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி. அறிவிப்புக் கடிதம் வந்த தேதியைக் குறித்து, உறையோடு பத்திரப்படுத்துங்கள். உறையைக் கிழித்துப் போடும் பழக்கம் இந்த விஷயத்தில் ஆகாது.

இனி வாக்குச்சாவடிக்குள் போவோம். டீக்கடையில் தேர்தல் பேச்சு வந்தால் நம்மவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இயந்திரத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1982இல் கேரளத்தின் பறவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலில் பயன்படுத்தினார்கள். சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984இல் அதைச் செல்லாததாக்கியது. பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். தமிழகம் முழுவதும் 2001 சட்டமன்றத் தேர்தலில் இயந்திரம் வந்தது. ஓட்டுப் போட்ட சின்னத்தைச் சீட்டில் காட்டும் விவிபேட் கருவி 2013இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் தொடங்கி, இன்று எல்லா வாக்குச்சாவடிகளிலும் இருக்கிறது. நீல நிறப் பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடிகள் அந்தச் சீட்டுத் தெரியும். அந்த ஏழு விநாடி நின்று பார்த்துவிட்டு வருகிறவர்கள் குறைவு. பீப் சத்தம் வரும் முன்பே பலர் வெளியே வந்துவிடுகிறார்கள்.

சீட்டில் வேறு சின்னம் வந்தால் அங்கேயே தலைமை அலுவலரிடம் எழுத்துமூலம் புகார் செய்யலாம். விதி 49எம்ஏ அதற்கென்றே இருக்கிறது. முகவர்கள் முன்னிலையில் ஒரு சோதனை ஓட்டுப் போடச் சொல்வார்கள். புகார் பொய் என்றால் வழக்கு வரும். ஆகவே உறுதியாகப் பார்த்தவர் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து விவிபேட் கருவிகளின் சீட்டுகளை எண்ணி ஒப்பிட வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் ஏற்கவில்லை. ஆனால் இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் ஏழு நாட்களுக்குள் கேட்டால், 5 சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைப் பொறியாளர்கள் சோதிக்க வேண்டும் என்றது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இயந்திரத்தின் மீது சந்தேகம் இருப்பவர் செய்யக்கூடிய உருப்படியான வேலை, வாக்குச்சாவடி முகவராக உட்காருவதுதான். காலையில் வாக்குப்பதிவு தொடங்குமுன் குறைந்தது 50 ஓட்டுகளைப் போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். முகவர் அதைப் பார்க்கலாம். மாலையில் எத்தனை ஓட்டுப் பதிவானது என்ற படிவம் 17சியின் நகலைக் கையொப்பத்துடன் வாங்கலாம். எண்ணிக்கை நாளில் அந்த எண் பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

இவ்வளவு நவீனமான வாக்குச்சாவடியில் மாறாமல் இருப்பது முதல் மேசைதான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாக்காளர் பெயரைக் கைக்கணினியில் தேடுகிறார்கள். நம் ஊரில் முதல் அலுவலர் இன்றும் அச்சிட்ட பட்டியலில் உங்கள் பெயரைத் தேடிக் கோடு போடுகிறார். அடுத்தவர் விரலில் மை வைத்துப் பதிவேட்டில் கையொப்பம் வாங்குகிறார். மூன்றாமவர்தான் இயந்திரத்தைத் திறந்துவிடுகிறார். அந்தத் தாளில் பெயர் இல்லையென்றால், கையில் அடையாள அட்டை இருந்தும் இரண்டாவது மேசைக்குப் போக முடியாது. அட்டை இருந்தால் ஓட்டுப் போடலாம் என்று நம்பி வந்து திரும்பிப் போகும் முதியவர்களை ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கிறோம்.

பர்தா அணியும் பெண்கள் பற்றி ஒரு விளக்கம். பட்டியலில் பெண்களின் புகைப்படம் வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கை 2006இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆக, புகைப்படமும் முகம் பார்த்துச் சரிபார்ப்பதும் தவிர்க்க முடியாதவை. ஆனால் எப்படிச் சரிபார்ப்பது என்பதில் ஆணையத்தின் அறிவுறுத்தல் நமக்கு இடம் தருகிறது. பர்தா அணியும் பெண்கள் கணிசமாக உள்ள வாக்குச்சாவடிகளில், பெண் அலுவலர் ஒருவர் தனி மறைவிடத்தில் அடையாளம் பார்க்கவும் மை வைக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். இது சலுகையல்ல, தலைமை அலுவலரின் கையேட்டில் உள்ள விதி. வாக்குப்பதிவு நாளில் வரிசையில் நின்று வாதாடுவதைவிட, தேர்தல் அறிவித்தவுடன் ஜமாஅத் சார்பில் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு எந்தெந்த வாக்குச்சாவடி என்று குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்துவிட்டால் பெண் அலுவலரை அங்கே நியமிப்பார்கள்.

வாக்குச்சாவடிகளில் இப்போது கேமராவும் வந்துவிட்டது. 2024 டிசம்பரில் விதியைத் திருத்தி, இந்தப் பதிவுகளைப் பொதுமக்கள் கேட்டுப் பெற முடியாதபடி செய்தார்கள். பெண்களின் கண்ணியம் காரணமாகச் சொல்லப்பட்டது. பதிவை ஊரெல்லாம் பரப்பக் கூடாது என்பது சரிதான். ஆனால் பெண்களின் பெயரைச் சொல்லி, சந்தேகம் எழுப்பும் வேட்பாளருக்கும் பதிவைக் காட்ட மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நல்ல மாற்றங்களும் உண்டு. ஒரு வாக்குச்சாவடிக்கு 1,200 வாக்காளர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று குறைத்திருக்கிறார்கள். இயந்திரத்தில் ஒட்டும் தாளில் வேட்பாளரின் வண்ணப் படமும் பெரிய எழுத்தில் வரிசை எண்ணும் வந்துவிட்டன. கண் மங்கிய பெரியவர்களுக்கு இது உண்மையான உதவி.

முதல் ஓட்டுப் போடப் போகும் பிள்ளைக்கு இன்னொன்றையும் சொல்லி அனுப்புங்கள். உள்ளே போனதும் 'உங்கள் ஓட்டை ஏற்கெனவே போட்டுவிட்டார்கள்' என்று சொன்னால், தலை குனிந்து திரும்ப வேண்டியதில்லை. ஒரு சினிமா வந்த பிறகு ஊரெல்லாம் பேசப்பட்ட 49பி விதி இதற்குத்தான். தான் யார் என்று நிரூபித்தால் அவருக்குத் தாளில் அச்சிட்ட வாக்குச்சீட்டுத் தருவார்கள். அதில் முத்திரையிட்டுத் தர, தனி உறையில் வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. தேர்தல் வழக்கில் நீதிமன்றம் கேட்டால் மட்டுமே உறை திறக்கப்படும். அந்தச் சீட்டை வாங்குமுன் படிவம் 17பியில் கையொப்பமிட வேண்டும். அந்தக் கையொப்பம்தான், வந்தது உண்மையான வாக்காளர் என்பதற்குப் பிறகு கிடைக்கும் ஆதாரம்.